சன்னலுக்கு வெளியே கொக்குகள்

பறவை விரட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் மீன் வளர்த்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நீர்க்காகம் என்று ஒரு ஜென்மம் இருக்கிறது. கறுப்பு நிறம், நீண்ட கழுத்து, நுனியில் கொக்கி மாதிரி வளைந்த அலகு. தண்ணீருக்குள் முங்கினால் வெறும் வாயோடு மேலே வராது. அதுகளில் ஒரு கூட்டம் காலையில் குளத்தில் இறங்கிவிட்டால், பண்ணைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படி இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பண்ணைக் காவல்காரருடைய பிழைப்பு. இளவயதில் ஒரு எண்ணெய் டின்னையும் குச்சியையும் தூக்கிக்கொண்டு குளத்துக்குக் குளம் ஓடித் தட்டியதால் அவருக்கு டமாரம் என்று பெயர் விழுந்தது. முதலாளி முதல் மீன் வண்டி ஓட்டுகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பார். காது நன்றாக இருந்த காலத்தில், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விரட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே சத்தத்தையே தொடர்ந்து போட்டால் பறவைக்குப் பழகிவிடும். முதல் நாள் டின் சத்தம் கேட்டால் அலறிக்கொண்டு வானத்துக்குப் போகும். கொஞ்ச நாள் கழித்து அக்கரைக்குப் பறந்து உட்காரும். இன்னும் கொஞ்ச நாளில் கழுத்தை மட்டும் திருப்பி, இவன்தானா என்று பார்த்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விடும். அதனால் டின்னுக்குப் பிறகு கயிற்றில் கட்டிய தகரம், தகரத்துக்குப் பிறகு வெடி, வெடிக்குப் பிறகு சும்மா தொண்டை கிழியக் கத்தல் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளிக்கு இதை அவர் ஒருமுறை இப்படித்தான் விளக்கினார்: "சத்தம் நம்மள அடிக்காதுன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் அதுக்கு அது சத்தமே இல்லைங்க. பாட்டு." முதலாளி இந்தப் பேச்சைப் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வெடியில்தான் வினை வந்தது. சத்தம் பெரிதாக வர வேண்டுமென்று இரும்பு பீப்பாய்க்குள் வெடியைப் போட்டுக் கொளுத்துவார்கள். பக்கத்தில் நின்றுதான் கொளுத்த வேண்டும். வருஷக்கணக்காக நின்றார். முதலில் மீன்கொத்தியின் கீச்சுச் சத்தம் காணாமல் போனது. அந்தப் பறவையே இந்தப் பக்கம் வருவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு பார்த்தால் அது கண்ணெதிரே கம்பியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. காது போனவனைக் காவலுக்கு யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் வீடும் போகும். கடைசிக் குளத்தின் கரையை ஒட்டி, முதலாளி கொடுத்திருந்த இரண்டு அறை வீடு அது. அதனால் எல்லோரும் பேசும்போது வாயைப் பார்த்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டார். சிரித்தால் சிரித்தார், முகம் சுளித்தால் சுளித்தார். அதற்குமேல் தேவைப்பட்டதை வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்காரிக்கு ஊரைக் கூட்டுகிற குரல். வாய் மட்டும் இல்லையென்றால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று கல்யாணமான புதிதில் அவரே கேலி செய்திருக்கிறார். அந்த வாய்தான் பிற்காலத்தில் அவருக்குக் காதாக இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதை இன்னொரு தடவை உரக்கச் சொல்வாள். "முதலாளி நாளைக்கு வலை போடணும்ங்கறாரு, கேட்டுச்சா?" என்று திட்டுவதுபோலச் சொல்லி விஷயத்தைக் காதில் போட்டுவிடுவாள். உலகத்தில் அவருக்குக் கேட்ட ஒரே குரல் அதுதான்.

அதுவும் ஒரு காலையில் நின்றது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் சுவரோடு சரிந்தாள். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், வாய் மூன்றும் ஒரே அடியில் போயின. இடது கை மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து பின் அறையில், சன்னலை ஒட்டிக் கட்டிலில் போட்டார்கள். அந்தச் சன்னலுக்கு வெளியே குளத்துத் தண்ணீர் வடிகிற வாய்க்கால் ஓடியது.

மகள் பக்கத்து நகரத்தில் குடும்பமாக இருந்தாள். ஒரே பெண். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வந்து நின்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பகலெல்லாம் கரையில் காவல் இருக்கிற மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடப்பவளை எப்படிப் பார்த்துக்கொள்வார்? ஆனால் அவருக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்காரி பேசாவிட்டாலும் பரவாயில்லை, அந்த முகம் வீட்டில் இருக்க வேண்டும் அவருக்கு. "எனக்குப் பாம்புக் காதும்மா. டம்ளர்ல ஸ்பூனால ஒரு தட்டு தட்டினாப் போதும், கரையிலேருந்து ஓடி வந்துடுவேன்" என்று கூசாமல் ஒரு பொய்யை எடுத்து விட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த அம்மாவோ புருஷனுக்குச் சாதகமாகத் தலையை ஆட்டிவிட்டாள். ஒரு தடவை கூப்பிட்டு வராமல் இருந்தால்கூடக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு மகள் போனாள்.

சொன்ன சொல் முதல் நாளே பல்லிளித்தது. மத்தியானம் சோறு ஊட்ட வந்தவர் கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டார். படுக்கையெல்லாம் நனைந்திருந்தது. அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஸ்பூன் கையிலேயே இருந்தது. எத்தனை நேரம் தட்டினாளோ. துணியை மாற்றினார். அவமானத்தில் அவரும் அழுதார். சத்தமில்லாமல்தான் அழுதார் என்று அவர் நினைத்தார், அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் கரையில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தில் நீர்க்காகம் இறங்கியதுகூட மனதில் பதியவில்லை. வாய்க்காலில் நாலைந்து வெள்ளைக் கொக்குகள், சன்னலுக்கு நேர் கீழே, பூச்சி பொறுக்கிக்கொண்டு நின்றன. பக்கத்தில் ஆள் இல்லை, நாய் இல்லை. திடீரென்று எல்லாம் ஒன்றாக இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பின. அவருக்குச் சுரீர் என்றது. பறவை எதற்கு எழும்பும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? எழுந்து ஓடினார். உள்ளே போனால், அவள் டம்ளரும் ஸ்பூனுமாகப் படுத்திருந்தாள், தண்ணீர் வேண்டுமென்று.

அன்றைக்கு அவர் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, மகள் பிறந்தபோதுகூட அப்படிப் பட்டதில்லை. காது கிடைத்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, இறக்கை முளைத்த காது.

அதற்குப் பிறகு அந்தக் கொக்குகளை அவர் உறவுக்காரர்களைப்போலக் கவனித்தார். வலையில் அடிபட்டுச் செத்த மீன், பொடி மீன் எல்லாம் காலையில் வாய்க்காலுக்குப் போனது. விரட்டுகிறவனே தீனி போடுவதைப் பார்த்து முதலாளி திகைத்துப்போனார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா என்று கேட்டார். அங்கே வயிறு நிறைந்தால் குளத்துக்கு வராது என்று இவர் ஒரு போடு போட்டார். முதலாளி யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்று போய்விட்டார். கொக்குகளும் விசுவாசமாக நின்றன. அவள் தட்டினால் எழும்பின. அவர் "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே கரையில் ஓடி வந்தார்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. கூப்பிடுகிறாள் என்று கொக்கு சொல்லும், எதற்கு என்று சொல்லாது. அவள் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் ஒன்றுக்கு, விடாமல் தட்டினால் வலி என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். இவருக்கு எல்லாமே ஒன்றுதான். அதனால் ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் பாத்திரம், தோளில் துணி என்று சகல ஆயத்தங்களோடும் வந்து நிற்பார். அந்தக் கோலத்தைப் பார்த்து ஒருநாள் அவள் பாதி வாயால் சிரித்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே கொக்கைக் காட்டினாள், தன் காதைத் தொட்டாள், அவரைக் காட்டினாள். கண்டுபிடித்துவிட்டாள் கள்ளி. அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தது அந்த நாட்களில்தான்.

மகள் அவ்வப்போது வந்து போனாள். அப்பா கூப்பிட்டால் வருகிறாரா என்று தனியாகக் கேட்பாள். வருகிறார் என்று அம்மா கண்ணை மூடித் திறப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் கொஞ்ச நாள் மறைக்கலாம் போலிருக்கிறது. ஃபோனில் மகள் என்ன கேட்டாலும், நல்லாயிருக்கோம், சாப்ட்டோம், நீ உடம்பைப் பார்த்துக்கோ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். குளத்துப் பக்கம் டவர் கிடைப்பதில்லை என்று அவள் நம்பினாள்.

மழை வந்து போயிற்று. கொக்குகள் கொழுத்தன. தீனி தேடி அலைய வேண்டாம், சன்னலுக்குக் கீழேயே குடித்தனம். ஆரம்பத்தில் வாய்க்காலைத் தாண்டி மரத்துக்குப் பறந்தவை, பிறகு எதிர்க்கரையில் உட்கார்ந்தன. அப்புறம் இருந்த இடத்திலேயே ஒரு எம்பு எம்பிவிட்டு நின்றன. அவர் அதைப் பார்த்தார். பார்த்து என்ன நினைத்தார் தெரியுமா? என்னமாய் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று சந்தோஷப்பட்டார். டின்னை மாற்று, தகரத்தை மாற்று, பறவைக்குப் பழகிவிடும் என்று முதலாளிக்கே பாடம் எடுத்த மனுஷன். நாள் முழுக்க அதுதான் தொழில். அந்தப் புத்தி வீட்டு வாசலோடு நின்றுவிட்டதே! டம்ளர் சத்தமும் ஒரு சத்தம்தான், அது எந்தக் கொக்கையும் அடித்ததில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதை அவர் சத்தமாகக் கேட்டதே கிடையாது, எப்படித் தோன்றும்?

கொக்குகள் எழும்புவது குறையக் குறைய, அவள் கூப்பிடுவது குறைகிறது என்று முடிவு கட்டினார். "அம்மா தேறிட்டாம்மா. இப்பல்லாம் முன்ன மாதிரி கூப்பிடறதே இல்ல" என்று மகளிடம் ஃபோனில் பெருமையடித்தார். வேளைக்கு வரும்போது படுக்கை நனைந்திருந்தால், தூக்கத்தில் போய்விட்டாள் என்று நினைத்தார். அவள் கோபத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட்டால், இந்த நோய்க்குக் கோபம் வருமாம் என்று பொறுத்துக்கொண்டார். அவள் சன்னலைக் காட்டினாள். காதைத் தொட்டாள். அவரைக் காட்டினாள். கையை வேகமாக ஆட்டி ஆட்டிக் காட்டினாள். பழைய வேடிக்கையைத்தான் திரும்பக் காட்டுகிறாள் என்று அவர் சிரித்தார். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைக்கூடச் சிரிப்பில் வந்தது என்று துடைத்துவிட்டார். நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றைக்கு வானம் மூடிக்கிடந்தது. நீர்க்காகத் தொல்லையும் இல்லை. கரையில் காவல் கொட்டகைக்கு வெளியே, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் கொக்குகள் ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து ஒன்றுகூட எழும்பவில்லை. நன்றாகத் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று மனம் நிறைந்திருந்தது.

பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. நிமிர்ந்தால் மகள். பண்ணைக்குள் வருகிற வழி கொட்டகைக்குப் பின்னாலிருந்துதான். கையில் பை, முகம் வெளுத்துக்கிடந்தது. சொல்லாமல் வந்திருக்கிறாளே என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

"வாம்மா, வா. மெதுவா நட, அம்மா நல்லாத் தூங்கறா. காலையிலேருந்து ஒரு தடவைகூடக் கூப்பிடல."

அவள் அவரையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் அவளிடம் பார்த்ததில்லை. அவள் வாய் அசைந்தது.

"அப்பா, அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலயா?"

என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே அவர் கொக்குகளைத் திரும்பிப் பார்த்தார். அவை நின்றுகொண்டிருந்தன. அமைதியாகத்தானே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டுவதற்காகக் கையைக்கூட நீட்டினார். அவள் பையைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். ஓடுகிறவளைக் கண்டு கொக்குகள் ஒன்றாக எழும்பின. அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று வலையை உதறிவிட்டு மகளுக்குப் பின்னால் ஓடினார்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். டம்ளர் சன்னல் கம்பியில் பட்டு நசுங்கி ஒரு மூலையில் கிடந்தது. தட்டித் தட்டிப் பார்த்தும் வராததால், டம்ளரை எறிந்து கொக்குகளையாவது கிளப்பலாம் என்று எட்டியிருக்கிறாள், நிலை தவறிவிட்டது. விழுந்த பிறகும் விடாமல் கட்டிலின் இரும்புக் காலில் ஸ்பூனால் தட்டியிருக்கிறாள். அவர் உள்ளே நுழையும்போதும் அந்தக் கை தட்டிக்கொண்டுதான் இருந்தது. கை அசைவது தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை அவருக்கு.

பண்ணை வாசலில் இறங்கும்போதே அந்தச் சத்தம் தனக்குக் கேட்டது என்று மகள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். கொட்டகைக்குப் பின்னால் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டாளாம். கேட்டும் கேட்காததுபோல உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் கொலைவெறி வந்ததாம். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து மூடிச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சேர்ந்தால் சேரலாம் என்றார் டாக்டர். அவருடைய காதையும் பார்த்தார்கள். நரம்பு செத்துவிட்டது, கருவி வைத்தாலும் இரைச்சல்தான் வரும் என்று கை விரித்துவிட்டார்கள்.

பின்னால் எல்லோருக்கும் புத்தி வந்தது. கட்டிலில் ஒரு சுவிட்சு, கொட்டகையில் ஒரு பல்பு, அவ்வளவுதானே, சொல்லியிருந்தால் நானே மாட்டிக் கொடுத்திருப்பேனே என்றார் முதலாளி. நல்ல மனுஷர்தான். வேலையைவிட்டும் அனுப்பவில்லை. கண் இருக்கிறதே, பார்த்து விரட்டட்டும் என்றார். இத்தனை வருஷமாக அவர் எதற்குப் பயந்து மறைத்தாரோ அது நடக்கவே இல்லை. பல்பு கேட்டிருந்தால் காது போனதைச் சொல்லியிருக்க வேண்டும், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாய் வரவில்லை.

மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நீங்களும் வாங்க என்றாள். ஆனால் அந்த வீட்டில் மாமனார் மாமியார் ஏற்கெனவே கூடத்தில் படுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது வீட்டுக்காரி அவர் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். மகள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

இப்போது அவர் தனியாக இருக்கிறார். பகலில் நீர்க்காகங்களை விரட்டுகிறார். வாய்க்காலுக்கு மீன் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

சாயங்காலம் ஆனால் ஃபோன் வெளிச்சம் போடும். மகள்தான். அம்மாவின் பக்கத்தில் ஃபோனை வைப்பாள், அம்மா டம்ளரில் தட்டுவாள். போன தடவை பார்க்கப் போயிருந்தபோது அவர் எதிரிலேயே அப்படிச் செய்து காட்டினார்கள். புது டம்ளர், பழைய ஸ்பூன். அவர் காலியான கட்டிலில் உட்கார்ந்து ஃபோனைக் காதில் அழுத்திப் பார்ப்பார். பிறகு சத்தத்தை முழுதாகக் கூட்டி, சன்னல் கட்டையில் வாய்க்காலைப் பார்க்க வைப்பார். கொக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கொக்குகள் அசையாது. அவள் தட்டினாலும் அப்படித்தான் நிற்கும், தட்டாவிட்டாலும் அப்படித்தான் நிற்கும். இன்றைக்குத் தட்டினாளா, கையைத் தூக்கக்கூட முடியாமல் கிடக்கிறாளா, அவருக்குத் தெரிய வழியில்லை. வெளிச்சம் அணைவதற்குள் குனிந்து, "இதோ வந்துட்டேன்" என்று ஃபோனுக்குள் சொல்கிறார்.